கையளித்தல்

2024ஆம் ஆண்டு தவக்காலத் தொடக்கத்தில், துபாயில் வாழும் தமிழ்க் கத்தோலிக்கருக்குத் தியான உரைகள் ஆற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. புறப்படுவதற்கு முன் ஒருநாள் சின்ன காஞ்சிபுரத்திற்குச் சென்றேன். முன்பு சில ஆண்டுகள் காஞ்சியில் பங்குப்பணி ஆற்றியவன் நான். அவ்வூர்ப் பிள்ளைகள் சிலர் துபாயில் வேலை செய்கிறார்கள். பெற்றோர் ஏதேனும் கொடுத்தனுப்ப விரும்பினால் வாங்கிச் செல்லலாம் என்று எண்ணினேன்.

எண்ணியது போலவே முறுக்கும் ஊறுகாயும் பருப்புப் பொடியும் வந்து சேர்ந்தன. ஒரு தாய் மட்டும் பொட்டலம் எதையும் தரவில்லை. ஒரு கேள்வியைத் தந்தார்.

வரதராசப் பெருமாள் கோயில் மதிலிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு நெசவாளர் தெருவில் அவர் வீடு. தெருவில் பாதி வீடுகள் இன்று காரை வீடுகளாகிவிட்டன. திண்ணையும் ஓட்டுக் கூரையும் கொண்ட சில வீடுகள் இடையிடையே எஞ்சியிருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் கூடத்தில், தரையில் வெட்டிய குழியின் மேல் அந்தத் தறி நின்றது. பாவு இல்லை. படமரம் வெறுமையாய்க் கிடந்தது. அச்சின் மேல் தூசி படிந்திருந்தது. யாரும் தவறி விழுந்துவிடாதபடி குழியைப் பலகையிட்டு மூடி வைத்திருந்தார்கள்.

"தறிய என்ன செய்யறதுன்னு அவன்கிட்டக் கேட்டுட்டு வாங்க சாமி. மரத்துக்கு விலை பேசறாங்க. போன்ல கேக்க எனக்கு வாய் வரல" என்றார் அந்தத் தாய்.

கேட்டு வருவதாகச் சொன்னேன். ஆனால் அந்தத் தறியின் முன் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு.

காஞ்சிப் பட்டைப் பற்றிப் பலரும் பெருமையாகப் பேசுவோம். 2005ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அந்தச் சேலையை நெய்ய இருவர் வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு நாடாக்கள். ஒவ்வோர் இழையிலும் உடலின் நூலும் கரையின் நூலும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும். இதற்குக் கோர்வை என்று பெயர். நெசவாளி ஒருவரே மூன்று நாடாக்களையும் ஆள்வது கடினம். பக்கத்தில் ஒருவர் அமர்ந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ளித் தர வேண்டும். அந்த வீட்டில் பல ஆண்டுகள் அப்படி அமர்ந்திருந்தவர் அவ்வீட்டு மகன். பள்ளி விட்டு வந்ததும் அப்பாவின் பக்கத்தில் உட்காருவார். பின்னர் தொழிற்பயிற்சி நிலையத்தில் குளிர்சாதனப் பழுது நீக்கும் தொழிலைக் கற்றார். 2017ஆம் ஆண்டில் துபாய்க்குப் போய்விட்டார்.

அவர் புறப்பட்ட வாரத்தின் ஞாயிறன்று நான் ஆற்றிய மறையுரையை இன்றும் மறக்க முடியவில்லை. முன்னோர் கையளித்த தொழிலை இளைஞர்கள் கைவிடுவது பற்றிப் பேசினேன். "பட்டை விட்டுப் பாலைக்கு ஓடுகிறோம்" என்று ஒரு தொடரை அமைத்து, அதை இரண்டு மூன்று முறை அழுத்திச் சொன்னேன். திருப்பலிக்குப்பின் சிலர் வந்து பாராட்டினார்கள். முன்வரிசையில் அமர்ந்திருந்த அந்த நெசவாளித் தந்தை தலைநிமிரவே இல்லை என்பதைக் கவனித்தேன். கவனித்தும் ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் காலை அவர் திருப்பண்டச் சாலைக்கு வந்தார். கண்டிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ, "மகன் நல்லபடியாப் போய்ச் சேர்ந்ததுக்கு நன்றியா ஒரு பூசை வைக்கணும் சாமி" என்று சொல்லிக் காணிக்கையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப்பின் அந்த வீட்டில் கோர்வை ஏறவில்லை. மனைவிக்குக் கண் பார்வை மங்கல். தந்தையார் தனி ஒருவராக எளிய கரைச் சேலைகளை நெய்தார். 2020 ஏப்ரலில் இறந்தார். மார்ச் 22 முதல் பன்னாட்டு விமானங்கள் நின்றுபோயிருந்தன. மகனால் வர இயலவில்லை. இறுதிச் சடங்கில் 20 பேருக்கு மேல் கூடலாகாது என்பது அந்நாளைய விதி. நான் குழியை மந்திரித்தேன். பீடச் சிறுவன் ஒருவன் கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தான். அதற்குள்ளிருந்து ஓர் அழுகைக் குரல் விட்டு விட்டுக் கேட்டது. என் மறையுரைத் தொடர் அன்று என் காதுக்குள் திரும்பி வந்தது.

துபாயில் மரியன்னை ஆலயத்தில் உரைகள் நடந்தன. அன்றைய ஆட்சியாளர் ஷேக் ரஷீத் பின் சயீத் அல் மக்தூம் கொடுத்த நிலத்தில் 1967ஆம் ஆண்டில் எழுந்த பங்கு அது. ஒரே வளாகத்தில் பல மொழிகளில் திருப்பலி நடக்கிறது. தமிழ்த் திருப்பலிக்குத் திரண்ட கூட்டத்தைப் பார்த்தபோது நம் ஊர்த் திருவிழா நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை காலை அந்த இளைஞர் விடுப்பு எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"உயரமான கட்டடத்தையெல்லாம் எல்லாருமே பாத்துட்டுப் போறாங்க சாமி. உங்களுக்கு ஒரு பழைய தெருவைக் காட்டறேன்" என்றார்.

அவர் அழைத்துச் சென்ற இடம் அல் ஃபஹீதி. பாஸ்தகியா என்பது அதன் பழைய பெயர். துபாயை இரண்டாகப் பிரித்து உள்ளே நுழையும் கடற்கழியின் கரையில் அது இருக்கிறது. அருகிலேயே 1787ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட சிறிய கோட்டை ஒன்று உண்டு. அந்நகரில் இன்றும் நிற்கும் கட்டடங்களுள் மிகப் பழையது அதுவே. பழைய நகர மதிலின் ஒரு துண்டும் அங்கே எஞ்சியிருக்கிறது. வரதராசர் கோயில் மதிலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது நம் தோட்டத்துச் சுவர் அளவே தோன்றியது. ஒரு காலத்தில் நகரம் முழுவதும் அந்தச் சுவருக்குள் அடங்கிக் கிடந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தெருக்கள் மிகக் குறுகலானவை. சிக்கா என்று அவற்றை அழைக்கிறார்கள். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். ஆனால் அந்தக் குறுகலில்தான் நிழல் இருக்கிறது. ஒரு வீட்டின் சுவர் எதிர்வீட்டுக்குக் குடையாகிறது. கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளக் கல்லும் சுண்ணச்சாந்தும் கொண்டு கட்டிய தடித்த சுவர்கள். கூரைக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்த மரங்கள், கதவுகளுக்கு நம் நாட்டுத் தேக்கு. அந்த மண்ணில் விளைந்தது என்று சொல்ல அந்த வீடுகளில் அதிகம் ஒன்றுமில்லை.

வீடுகளின் மேலே சதுரக் கோபுரங்கள் நிற்கின்றன. முதலில் அவற்றை மணிக்கூண்டுகள் என்று நினைத்தேன். "பர்ஜீல் சாமி. காத்துக்கோபுரம். மின்சாரம் இல்லாத காலத்து ஏ.சி. இதுதான்" என்று சிரித்தார் அவர். பின்பு தொழிலாளிக்கே உரிய தெளிவோடு அதை விளக்கினார். கோபுரம் நான்கு பக்கமும் திறந்திருக்கிறது. உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சுவர்கள் அதை நான்கு பாதைகளாகப் பிரிக்கின்றன. எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் அந்தப் பக்கத்துப் பாதை அதைப் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கிவிடும். அறையிலிருக்கும் வெப்பக் காற்று எதிர்ப்பக்கத்துப் பாதை வழியே மேலேறி வெளியேறும். அத்தகைய கோபுரம் ஒன்றின் அடியில் நின்று பார்த்தேன். தலைமேல் மெல்லிய காற்று இறங்கியது. நிக்கதேமுக்கு ஆவியாரைப் பற்றி உணர்த்த ஆண்டவர் காற்றையே எடுத்துக்காட்டாகக் கொண்டது நினைவுக்கு வந்தது.

"இதைக் கட்டியவர்கள் யார்?" என்று கேட்டேன்.

"இந்த ஊர்க்காரங்க இல்ல சாமி. எங்களை மாதிரி வந்தவங்க" என்றார்.

அது உண்மை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக அரசு தன் துறைமுகங்களில் சுங்கவரியை உயர்த்தியது. லிங்கா போன்ற துறைமுகங்களில் வாணிபம் செய்தவர்கள் திணறினார்கள். துபாயை ஆண்ட ஷேக் மக்தூம் பின் ஹஷர் அயல்நாட்டு வணிகருக்கு வரிவிலக்குத் தந்து வரவேற்றார். பாரசீகத்தின் தென்பகுதியிலுள்ள பாஸ்தக் என்னும் ஊரைச் சேர்ந்த குடும்பங்கள் கடல் கடந்து வந்து இந்தக் கழிக்கரையில் வீடு கட்டின. விட்டு வந்த ஊரின் பெயரையே புதிய குடியிருப்புக்கு இட்டன. பாஸ்தகியா என்ற பெயர் அப்படி வந்தது. காற்றைப் பிடிக்கும் கலையும் அவர்களோடு வந்ததுதான். நம்மவர்களும் அந்நாளிலேயே அங்கு இருந்தார்கள். வளைகுடா முத்துக்கு அன்று பெரிய சந்தை பம்பாய். இந்திய ரூபாயும், பின்னர் வளைகுடாவுக்கென்றே அச்சிட்ட ரூபாயும் 1966 வரை அங்கே புழங்கின. ஜப்பானியர் முத்தை வளர்க்கக் கற்றதும், 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியும் அந்த முத்து வாணிபத்தை நொறுக்கின. எண்ணெய் கிடைத்தது 1966ஆம் ஆண்டில்தான்.

நான் அங்கேயே ஒரு திண்டில் அமர்ந்துவிட்டேன். இன்று அந்நகரம் தன் பழம்பெருமை என்று உலகுக்குக் காட்டும் தெரு, பிழைப்புக்காகத் தாய்மண்ணை விட்டு வந்தவர்கள் கட்டிய தெரு. பாஸ்தக்கிலும் அன்று எந்தப் பெரியவராவது, மரபை விட்டு ஓடுகிறார்கள் என்று அவர்களைக் கடிந்திருக்கக்கூடும். அவர்கள் ஓடவில்லை. கையில் இருந்ததை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

அந்தத் தெருவும் அழிந்துபோக இருந்ததாம். 1980களில் ஆட்சியாளரின் அலுவலகக் கட்டடங்களுக்காக அதன் ஒரு பாதி இடிக்கப்பட்டது. எஞ்சியதையும் இடிக்க 1989ஆம் ஆண்டில் திட்டமிட்டார்கள். அங்கொரு வீட்டில் குடியிருந்த ரேனர் ஓட்டர் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் அதைக் காப்பாற்ற முயன்றார். இன்று இங்கிலாந்தின் அரசராக இருக்கும் சார்லஸ், அன்று இளவரசராக அந்நகருக்கு வந்தபோது அந்தத் தெருவைச் சுற்றிப் பார்த்து, அதைக் காக்கும்படி கேட்டுக்கொண்டார். இடிப்பு நின்றது. வீடுகள் பின்னர் செப்பனிடப்பட்டன.

நல்ல செய்திதான். ஆனால் நடக்க நடக்க எனக்குள் ஒரு குறை தோன்றியது. வீடுகள் இருக்கின்றன, குடியிருப்பவர்களைக் காணோம். ஒன்றில் ஓவியக்கூடம், ஒன்றில் காப்பிக் கடை, ஒன்றில் விருந்தினர் விடுதி. வாசலில் கோலி விளையாடும் சிறுவன் இல்லை, அரிசி புடைக்கும் பாட்டி இல்லை. காற்றுக்கோபுரத்தின் கீழேயே குளிர்சாதனப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. "இதைப் பழுது பாக்கத்தான் சாமி நாங்க வர்றது" என்றார் இளைஞர். சின்ன காஞ்சிபுரத்தில் நிலைமை நேர்மாறானது. அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள், வீடுகள் இடிபடுகின்றன. எது பாதுகாப்பு, எது இழப்பு என்று எனக்கு விளங்கவில்லை.

அங்கிருந்து பக்கத்திலிருக்கும் துணிச்சந்தைக்குப் போனோம். மரக்கூரை வேய்ந்த நீண்ட கடைத்தெரு. ஒரு கடையில் பட்டுப் போலப் பளபளத்த சேலைகள் தொங்கின. இளைஞர் ஒன்றைக் கையில் எடுத்தார். முகப்பைப் பார்க்கவில்லை. உடலும் கரையும் சேரும் இடத்தைப் புரட்டி, பின்பக்கத்தில் விரலை ஓட்டினார்.

"உடம்பு நூலு கரைக்குள்ளயும் ஓடுது சாமி. அதான் கரை நிறம் கலங்கித் தெரியுது. கோர்வையா இருந்தா ரெண்டும் தனித்தனியா நின்னு கைகோத்துக்கும். இது ரெண்டு பேர் நெஞ்சதில்ல."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே, அந்த விலைக்கு விசைத்தறிச் சேலைதான் கிடைக்கும் என்றார். இளைஞர் சேலையை மடித்து வைத்தார். குளிர்சாதன எண்ணெய்க் கறை படிந்த அந்த விரல்கள் ஏழு ஆண்டுகளாகத் தறியைத் தொட்டதில்லை. ஆயினும் அவை ஒன்றையும் மறக்கவில்லை. தந்தை கையளித்தது தறியில் இல்லை, இந்த விரல்களில் இருக்கிறது என்று அப்போது உணர்ந்தேன்.

கழியைக் கடக்க அப்ரா என்னும் மரப்படகில் ஏறினோம். கட்டணம் ஒரு திர்ஹம். பல நாட்டுத் தொழிலாளிகள் முதுகோடு முதுகு ஒட்டி அமர்ந்திருந்தார்கள். படகு நடுநீருக்கு வந்தபோது, தாயின் கேள்வியைச் சொன்னேன். அதோடு என் பாரத்தையும் இறக்கி வைத்தேன்.

"தம்பி, நீ புறப்பட்ட வாரத்தில் நான் ஒரு மறையுரை ஆற்றினேன். பட்டை விட்டுப் பாலைக்கு ஓடுகிறோம் என்று சொன்னேன். உன் அப்பா அன்று தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அந்தச் சொல்லுக்காக என்னை மன்னித்துக்கொள்."

அவர் வியப்போடு என்னைப் பார்த்தார். "அப்பா அதைப் பத்தி எங்கிட்ட சொன்னதே இல்லையே சாமி. நான் வந்து சேர்ந்ததுக்கு நீங்க பூசை வச்சீங்கன்னு மட்டுந்தான் சொன்னாரு."

எனக்குப் பேச்சு எழவில்லை. குருமடத்தில் புதிய ஏற்பாட்டு வகுப்பில் கற்ற ஒன்று நினைவுக்கு வந்தது. கொரிந்து நகர மக்களுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 11ஆம் அதிகாரத்தில், ஆண்டவருடைய இரவுணவைப் பற்றித் தாம் பெற்றுக்கொண்டதை அவர்களுக்கு ஒப்படைத்ததாகப் பவுலடியார் கூறுகிறார். அதே வசனத்தில், ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவையும் குறிப்பிடுகிறார். ஒப்படைத்ததற்கும் காட்டிக்கொடுத்ததற்கும் கிரேக்கத்தில் அவர் ஆண்டிருப்பது ஒரே வினைச்சொல். கையளித்தல் என்பதே இரண்டிற்கும் அடிப்பொருள். யூதாசும் கையளித்தான், பவுலும் கையளித்தார். எதை, யாரிடம், எந்த அன்போடு கையளிக்கிறோம் என்பதில்தான் மரபும் துரோகமும் வேறுபடுகின்றன. தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்து நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். அதன் பொருளை ஒரு நெசவாளியிடம்தான் கற்றேன். அவர் தம் மகனுக்குக் கோர்வையைக் கையளித்தார், குருவானவரின் நன்றிப் பூசையைக் கையளித்தார். என் சொல் தந்த காயத்தை மட்டும் கையளிக்காமல் தம்மோடு கல்லறைக்குக் கொண்டுபோனார். கையளிக்காமல் விடுவதும் சில வேளைகளில் ஒரு கொடையே.

படகு தேரா கரையை நெருங்கியது. நீரையே பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் சொன்னார்:

"மரத்துக்கு விக்க வேணாம்னு அம்மாகிட்டச் சொல்லுங்க சாமி. யாராச்சும் நெய்யறவங்களுக்குக் குடுத்துடட்டும். காசு வேணாம். சும்மா நிக்கிற தறி, இப்பப் பாத்தோமே அந்த வீடுங்க மாதிரிதான். அழகா இருக்கும், ஆளிருக்காது."

நான் அவருக்குச் சொல்ல வேண்டியதை அவர் எனக்குச் சொல்லிவிட்டார். தறி வீட்டை விட்டுப் போவது இழப்பன்று, நெசவு அதை விட்டுப் போவதே இழப்பு. அதைத் தறியருகே இருப்பவர்களைவிட, தறியை விட்டு வந்தவர் தெளிவாக அறிந்திருந்தார்.

ஊர் திரும்பியதும் விடையைத் தாயிடம் சேர்த்தேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவங்கப்பாவும் இதத்தான் சொல்லியிருப்பாரு" என்றார்.

மே முதல் நாள், தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாளன்று மீண்டும் அந்தத் தெருவுக்குச் சென்றேன். கூடம் வெறுமையாக இருந்தது. குழியை மணலிட்டு நிரப்பியிருந்தார்கள். தாயைக் காணவில்லை. அடுத்த தெருவில் இருப்பதாக அண்டை வீட்டார் கூறினார்கள். அங்கே போனேன். இளம் தம்பதியர் வாழும் சிறு வீடு. பழைய தறி புதிய குழியின்மேல் நின்றது. மாம்பழ நிற உடல், அரக்கு நிறக் கரை. கணவர் மிதிபலகையில் கால் வைத்திருந்தார். மனைவி கைக்குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டிருந்ததால் அவர் இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் என் பழைய பங்கைச் சேர்ந்த அந்தத் தாய் அமர்ந்திருந்தார். கண் சரியாகத் தெரியாதே என்று கேட்டேன்.

"நாடா வர்ற சத்தம் கேக்குதே சாமி, அது போதும்" என்று சொல்லிவிட்டு, கரையின் நாடாவைத் தள்ளிக் கொடுத்தார்.

சேலையின் பின்பக்கத்தை நானும் குனிந்து பார்த்தேன். உடலும் கரையும் தனித்தனியே நின்று, ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருந்தன. சின்ன காஞ்சியில் ஒரு கை, பாலையில் ஒரு கை. இரண்டையும் ஒரே ஆடையில் கோக்கும் இறைவனுக்கு நன்றி கூறி, அந்த வீட்டை ஆசீர்வதித்துவிட்டு வந்தேன்.